விடுதிச் சோறும் நாயாற்று மீனும்



முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் வீதியில், கடலும் களப்பும் சந்திக்கும் இடம் நாயாறு. இங்கு பிடிபடும் இறாலும் மீனும் ஐஸ் பெட்டிகளில் அடைபட்டுத் தூர நகரங்களுக்குப் போகின்றன. எதிர்த்திசையில் வன்னிக்கு வரும் லொறிகளிலோ சொசேஜ், நூடில்ஸ், சூப் கட்டி, நிறமூட்டிய பானம் என்று வந்து இறங்குகின்றன. பாடசாலை விடுதி, மத்ரஸா, சிறுவர் இல்லம் போன்ற இடங்களின் சமையலறைகளில் இவை எளிதாக இடம்பிடித்து விடுகின்றன. ஏன் என்று சற்றுச் சிந்தித்தீர்களா?

நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவருக்கு மீன் கழுவ ஆள் வேண்டும், வைக்க ஐஸ் வேண்டும். சொசேஜைத் தவிர, பெட்டியில் வருவதற்கு இவையெல்லாம் வேண்டியதில்லை. அது மாதக்கணக்கில் கெடாது. ருசியும் நிறமும் மாறாது. அந்த வசதிக்காகச் சேர்க்கப்படுபவைதான் பதப்படுத்திகள், நிறமூட்டிகள், சுவையூட்டிகள்.

சேர்ப்பதெல்லாம் நஞ்சா?

இல்லை. அப்படிச் சொல்வது நியாயமாகாது. நாம் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது நம் பிள்ளைகளின் நன்மைக்கே. வட மாகாணப் பாடசாலைகளின் மதிய உணவுக்கு உலக உணவுத் திட்டம் உதவிய காலத்தில் ஜப்பானின் அன்பளிப்பாக ரின் மீன் வந்தது. ரின் மீனைக் காப்பது மருந்தல்ல. காற்றுப் புகாமல் மூடிச் சூடாக்கும் முறையே.

ஆனால் எல்லாம் ஒன்றல்ல. 2007இல் இங்கிலாந்தின் சௌதம்ப்டன் பல்கலைக்கழகத்தார், சில செயற்கை நிறங்களையும் சோடியம் பென்சோவேற்றையும் கலந்த பானத்தைச் சிறுவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சிலரிடம் துடிதுடிப்பு கூடியது. எல்லாப் பிள்ளைகளிலும் அப்படி நிகழவில்லை, மாற்றமும் பெரிதன்று. எனினும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த நிறங்கள் உள்ள உணவுப் பொதிகளில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. 2024இல் தமிழ்நாடு, ரோடமைன்-பி எனும் சாயம் கலந்திருந்ததால் பஞ்சுமிட்டாயைத் தடைசெய்தது.

சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுமாம். சூப் கட்டியின் பெரும் பகுதி உப்பு. வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் போதும் என்கிறார்கள்.

மார்க்கமும் நம்மிடம் ஹலாலை மட்டும் கேட்கவில்லை. தய்யிப், அதாவது நல்லதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பொதியில் ஈ-120 என்றிருந்தால் அது ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். எழுத்தைப் படிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

புதியதிலும் கவனம் தேவை

புதிய மீன் என்றாலே பாதுகாப்பு என்று இருந்துவிடக் கூடாது. சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் எனும் பொருள் உண்டாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வரும். ஆகவே பிடித்த நேரத்திலிருந்து சட்டிக்குப் போகும்வரை ஐஸ் வேண்டும்.

நிர்வாகத்தில் இருப்பவர்களே! வாரத்தில் இரு நாட்களுக்கு வேண்டிய மீனை முன்கூட்டியே மீனவரிடம் சொல்லி வையுங்கள். மற்ற நாட்களுக்குப் பயறு, குரக்கன், முட்டை, முருங்கையிலை, தேங்காய்ச் சம்பல் இருக்கின்றன. காலையில் நூடில்ஸுக்குப் பதில் அவித்த பயறு கொடுத்துப் பாருங்கள். நிறப் பானத்தை எடுத்துவிட்டுத் தேசிக்காய்த் தண்ணீர் வையுங்கள். வாங்கும் பொதியின் பட்டியலைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

பெற்றோர்களே! விடுதிக் கட்டணத்தையும் பரீட்சைப் புள்ளியையும் கேட்கும் நீங்கள், "என் பிள்ளை நேற்று என்ன சாப்பிட்டான்?" என்றும் கேளுங்கள். வீட்டில் உம்மா வைத்த கறி பிடிக்காவிட்டால் பிள்ளை முகம் சுளிக்கும். விடுதியில் அப்படிச் செய்ய முடியாது. கோப்பையில் விழுந்ததைத்தான் உண்ண வேண்டும். தனக்காகத் தெரிவுசெய்ய முடியாத பிள்ளைக்காக நாம் தெரிவுசெய்கிறோம். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?