சான்றிதழ் கையில் இருந்தால்தான் சட்டம் துணைக்கு வரும்

துவாக்குடியில் என்ஐடி, சூரியூரில் ஐஐஎம், நவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம். நாடே போட்டி போடும் மூன்று நிறுவனங்கள் திருச்சியைச் சுற்றியே இருக்கின்றன. அங்கே படிக்கத் தகுதியுள்ள ஆட்டிசம் பிள்ளைகளும் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் என்றதும் பெற்றோர் தயங்குகிறார்கள். "நல்லாத்தானே படிக்கிறான், எதுக்கு அந்தப் பேரு?" என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும் விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்று குறிக்காமல் விட்டு, திருத்த அவகாசமும் முடிந்துவிட்டால், அந்த ஆண்டுக்கு உரிய சலுகை கைநழுவிவிடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு எனச் சான்று பெற்றவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு. வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. மூன்று மணி நேர ஜேஇஇ மெயினுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், இரண்டு மணி நேர கிளாட் தேர்வுக்கு 40 நிமிடமும் கிடைக்கும். விடையைச் சொல்லச் சொல்ல எழுதித்தரும் எழுத்தர் வேண்டுமானால் அரசு மருத்துவமனையில் தனிச் சான்று வாங்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போகலாம். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது அங்கேதான். 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதைப் பெருமையாகச் சொல்லும் அம்மா, குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு பிள்ளை அறைக்குள் ஓடுவதைச் சொல்ல மாட்டார். பள்ளி வேன் ஓட்டுநர் மாறினால் அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருப்பதையும் சொல்ல மாட்டார். சொல்லாதது மருத்துவருக்குத் தெரியாது. பிள்ளைக்குச் சிரமமானவற்றையெல்லாம் எழுதி எடுத்துப் போங்கள். சிகிச்சையாளரின் அறிக்கையையும் வகுப்பாசிரியரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சதவீதம் சரியில்லை என்று தோன்றினால் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

ஸ்ரீரங்கத்துக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. ஜனவரி ஜேஇஇ தேர்வுக்குப் பிள்ளைகள் மும்முரமாகப் படிக்கும் மார்கழியில்தான் கோயிலில் பகல் பத்து, இராப்பத்து விழாக்கள் வரும். ஒலிபெருக்கியும் கூட்டமும் தாங்காத பிள்ளையை அந்த நாட்களில் உறவினர் வீட்டிலோ அமைதியான நூலகத்திலோ படிக்க வையுங்கள்.

தேர்வு அறையிலும் விழிப்பு வேண்டும். 2021 நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடுள்ள அவ்னி பிரகாஷ் என்ற மாணவிக்குக் கூடுதல் நேரம் தரப்படவில்லை. அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைச் சரிசெய்யும் வழியை ஒரு வாரத்தில் பரிசீலிக்கும்படி தேசியத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை. அதனால் சான்றிதழ், கூடுதல் நேர விதிமுறை இரண்டின் நகலையும் எடுத்துப் போங்கள். தேர்வு தொடங்கும் முன்பே கண்காணிப்பாளரிடம் காட்டிப் பேசிவிடுங்கள்.

ஐஐஎம் சேர்க்கையில் நேர்காணலும் உண்டு. கண்ணைப் பார்த்துப் பேசாதவரைத் தன்னம்பிக்கை இல்லாதவர் என்று எடைபோடுவது தவறு. கேள்விகளை ஒவ்வொன்றாக, நேரடியாகக் கேட்கும்படியும், சத்தமில்லாத அறை தரும்படியும் முன்கூட்டியே எழுத்துமூலம் கேளுங்கள். இது சலுகை அல்ல. சட்டம் சொல்லும் நியாயமான வசதி. சேர்ந்த பிறகு விடுதி அறைக்கும் வகுப்பறைக்கும் இதே உரிமை பொருந்தும்.

மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அரசு நிறுவனங்களில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அங்கே தீரவில்லை என்றால், மாநில நிறுவனம் குறித்துச் சென்னையில் உள்ள மாநில ஆணையரிடமும், என்ஐடி, ஐஐஎம் போன்ற மத்திய நிறுவனம் குறித்து டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடமும் முறையிடலாம். நீதிமன்றம்தான் வழி என்றானால் நமக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. வழக்கறிஞர் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தரும். உதவி எண் 15100.