பால் இல்லாத கள்ளி!

நாங்கள் மேற்கு தாம்பரத்தில் வசிக்கிறோம். எனக்குச் செடி என்றால் உயிர். பிளவுஸ் தைத்துச் சேர்த்த காசில், இரண்டு வருடங்களுக்கு முன், ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஒரு நர்சரியில் கள்ளிச்செடி ஒன்று வாங்கினேன். ஒரு சாண் உயரம்தான். உடம்பெல்லாம் வெள்ளை முடி, தாடி வைத்த தாத்தா மாதிரி! 'கிழவன் கள்ளிம்மா, தினமும் தண்ணி ஊத்துங்க' என்றார் கடைக்காரர்.

வாசலிலேயே என் மாமியார் தடுத்து விட்டார். 'வேணாந்த்தா, கள்ளிய வீட்டுக்குள்ள கொண்டாராத' என்றார். அதட்டவில்லை, குரல்தான் நடுங்கியது. மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஏதோ சகுனம் பார்க்கிறார் என்று நினைத்து, மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தேன்.

பதினைந்தே நாளில் அடித்தண்டு கொழகொழவென்று அழுகி விட்டது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அழாத குறையாக அவரைக் கூட்டி வந்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு ஒரு பாடமே நடத்தி விட்டார்.

நம்மூர் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்குக் குடும்பமாம். கீறினால் பால் வரும். கண்ணில் பட்டால் ஆபத்து. காக்டஸ் வேறு குடும்பம். ஏறக்குறைய எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. நம் சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததுதான். பஞ்சு வைத்தது போன்ற சின்னச் சின்ன மேட்டிலிருந்து முள் கிளம்பினால் அது காக்டஸ். ஒரு சில வகை தவிர மற்றவற்றில் பால் கிடையாது.

முடி உள்ள காக்டஸிலும் பல ஜாதி உண்டாம். பஞ்சு சுற்றியது போல் முடி இருந்து, முள் அதற்குள் மறைந்திருந்தால் 'எஸ்போஸ்டோவா'. என் செடியிலோ முடியைத் துளைத்துக்கொண்டு தடித்த பழுப்பு முட்கள் நின்றன. அது 'ஓரியோசீரியஸ்'! தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், 3,000 மீட்டருக்கு மேலும் வளர்கிற ஜாதி. நம் ஊட்டியே சுமார் 2,240 மீட்டர்தான்! பகல் வெயிலுக்குக் குடையும், ராத்திரிப் பனிக்குக் கம்பளியும் அந்த முடிதானாம். பூத்தால்தான் அதில் எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்.

பிளேடால் அழுகலை வெட்டினோம். படியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியார் மெல்ல, 'பால் வரலியா?' என்றார்.

'வராது அத்தை. இது அந்தக் கள்ளி இல்லை.'

கிட்டே வந்து வெட்டுவாயை விரலால் தொட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணீர்தான் ஒட்டியது. அன்று ராத்திரி, பாத்திரம் கழுவும்போது சொன்னார். அவருடைய அக்காவுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததாம். மூன்றாம் நாள், வீட்டுப் பெரியவர்கள் கள்ளிப்பால் கொடுத்து விட்டார்களாம். வேலியோரம் போய்ப் பால் எடுத்து வரச் சொன்னது இவரைத்தானாம். அப்போது மறுத்துப் பேச வாயில்லையாம். 1992ல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் அதற்கு முன்பே வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில், இதை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

வெட்டிய தண்டைப் பத்து நாள் நிழலில் உலர்த்தி, ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணலும் செங்கல் பொடிக்கல்லும் கலந்து, மண்தொட்டியில் நட்டேன். இரண்டு மாதத்தில் வேர் பிடித்தது. கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சொட்டும் கிடையாது. நம்மூர் ராத்திரிப் புழுக்கம் அதற்கு ஒத்து வராததால் வளர்த்தி மெதுவாகத்தான் இருக்கிறது.

2015 டிசம்பரில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டிய ஊர் எங்கள் தாம்பரம். வானம் இருட்டினாலே இப்போது மாமியார் குரல்தான் முதலில் கேட்கிறது: 'ஏத்தா, மழை வருது, உன் கிழவனைத் தூக்கி உள்ள வையி!'

தோழியரே, கள்ளி வாங்கும் முன் முள்ளின் அடியை உற்றுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் ஒன்றை வேண்டாம் என்றால், மூடநம்பிக்கை என்று தள்ளாமல், ஏன் என்று ஒரு முறை கேளுங்கள். நான் இரண்டையுமே தாமதமாகத்தான் செய்தேன்.

- ஒரு வாசகி, மேற்கு தாம்பரம்.