செட்டு வந்துடுச்சா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய், செட்டு வந்துடுச்சா?"

பந்தல்காலில் ஏறி நின்ற பையன், "வந்து, ஒயரே இழுத்தாச்சு பெரியப்பா" என்றான். கொல்லையிலிருந்து சமையல்காரர், "அடுப்பு வந்திருச்சுங்க, சிலிண்டர்தான் இன்னும் வரல" என்றார். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவர் கேட்டது மேளத்தை.

பையன் நினைத்தது மைக் செட், சமையல்காரர் நினைத்தது காஸ் செட், பெரியப்பா நினைத்தது நாயன செட். மூவர் மீதும் குற்றமில்லை. சொல் அப்படிப்பட்டது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் எல்லாச் சொற்களையும்விட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டது இந்த 'செட்'தான். வினைச்சொல்லாக மட்டும் சுமார் 430 பொருள். அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள் தேவைப்பட்டன. பிற்பாடு 'ரன்' என்ற சொல் 645 பொருளோடு அதை முந்திக்கொண்டது.

மூன்றே எழுத்துச் சொல்லுக்கு இவ்வளவு பொருள் எப்படி வந்தது? அது உண்மையில் ஒரு சொல் அல்ல, இரண்டு.

ஒன்று, 'சிட்' என்பதன் பிறவினை. உருள்வது தன்வினை, உருட்டுவது பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. அலாரம் வைப்பது, கோழிக்கு முட்டையை அடை வைப்பது, விலை வைப்பது, பரீட்சைக்குக் கேள்வி வைப்பது எல்லாம் ஆங்கிலத்தில் 'செட்'. நம் 'வை'யும் இதே வேலைகளைச் செய்கிறது. போதாததற்குப் பொட்டு வைக்கிறது, குழம்பு வைக்கிறது, தீயும் வைக்கிறது. ஆகவே ஆங்கிலத்தைப் பார்த்து நாம் வாய் பிளக்க வேண்டியதில்லை.

இன்னொரு 'செட்' லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலச் சொல்லுக்கு, ஒருவரைப் பின்பற்றிப் போகும் கூட்டம் என்று பொருள். சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' இதற்கு உடன்பிறப்பு. ஓசை ஒன்றாகிவிட்டதால் இரண்டும் கலந்துவிட்டன. கலந்த தண்ணீரில் எது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று பிரித்துச் சொல்வது அகராதிக்காரர்களுக்கே சிரமம்.

கடல் கடந்து போகும் சொல் தன் மூட்டை முடிச்சுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போவதில்லை. நம் 'அணைக்கட்டு' 'அனிகட்' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. கல்லணை கிராண்ட் அனிகட் ஆனது. ஆர்தர் காட்டன் 1830-களில் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டிவிட்டுக் கோதாவரிக்குப் போனபோது சொல்லும் அவரோடு தௌலேஸ்வரம் வரை போனது. ஆனால் வெற்றிலைக் கட்டு, புத்தகக் கட்டு, நீள வீட்டின் இரண்டாம் கட்டு, எதுவும் கூடப் போகவில்லை. 'செட்'டும் அப்படித்தான் நம்மிடம் வந்தது. பெரும்பாலும் அந்த இரண்டாவது 'செட்', கூட்டத்தைக் குறிப்பது. வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது என்பதால் ஓர் உகரம் சேர்ந்து செட்டு ஆயிற்று. தமிழில் ஏற்கெனவே ஒரு செட்டு உட்கார்ந்திருந்தது. கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள் என்கிறோமே, சிக்கனம் என்ற பொருளில், அது நம் சொந்தச் செட்டு.

டெல்டாவில் வந்த செட்டு முதலில் பழகியது வரப்பு ஓரத்து மோட்டார் கொட்டகையில் என்று சொல்லலாம். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் முன்பே குறுவைக்கு நாற்று விடுகிறவர் பம்புசெட் வைத்திருப்பவர்தான். ஏன் அது பம்பு மட்டும் அல்ல, பம்பு'செட்'? சுற்றுகிற மோட்டார் ஒரு யந்திரம், தண்ணீர் எடுக்கிற பம்பு வேறொரு யந்திரம். முன்பெல்லாம் ஆயில் இன்ஜினையும் பம்பையும் நீளமான பெல்ட் ஒன்றுதான் சேர்த்து வைத்தது. பம்புக்குள் இருக்கும் சக்கரம் சுழன்று தண்ணீரை வெளிப்பக்கம் வீசுகிறது. அதனால் நடுவில் அழுத்தம் குறைகிறது. பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் கிணற்றுத் தண்ணீரை அமுக்கி மேலே ஏற்றுவது வெளிக்காற்றின் அழுத்தம். காற்றின் பலம் சுமார் 10 மீட்டரோடு தீர்ந்துவிடும். நடைமுறையில் ஏழெட்டு மீட்டர்தான். நீர்மட்டம் இறங்க இறங்க, குழி வெட்டி மோட்டாரையும் கீழே இறக்கினார்கள். அதுவும் போதாமல் போனபோது தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கும் நீர்மூழ்கி மோட்டார் வந்தது.

குழாயின் அடிநுனியில் ஒரு ஃபுட் வால்வு உண்டு. ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அதன் வாஷர் தேய்ந்தால் குழாயில் காற்று புகும். அப்புறம் மோட்டார் எவ்வளவு கத்தினாலும் சொட்டுத் தண்ணீர் வராது. "செட்டு எடுக்கல" என்பார்கள். கெட்டது ஒரு வாஷர், நின்றது செட்டு.

நாயன செட்டிலும் இதே கணக்குத்தான். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, ஒரு தாளம், சுருதிக்கு முன்பு ஒத்து, இப்போது சுருதிப்பெட்டி. நாதஸ்வரமே ஒரு செட்டு: ஆச்சாமரத்தில் கடைந்த உலவு, அடியில் அணைசு, மேலே சீவாளி. ஆடுதுறைக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எவ்வளவு பேர்பெற்ற வாத்தியமானாலும் நாணல் தட்டையில் செய்த விரற்கடைச் சீவாளி இல்லையென்றால் ஊதுவதற்கு ஒன்றுமில்லை.

கும்பலில் நாலு பேர் குறைந்தாலும் கும்பல்தான்; நெல் குவியலில் ஒரு மரக்கால் எடுத்தாலும் குவியல்தான். செட்டில் ஒன்று குறைந்தால் மிச்சமெல்லாம் சும்மா கிடக்கும். பல் செட்டு வைத்திருப்பவரைக் கேட்டால் தெரியும். தெருவில் நாம் புழங்கும் பொருள் இதுதான். கணக்கு வாத்தியார் இதற்கு உடன்படமாட்டார். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் 'கண மொழி' என்ற பாடத்தில் வரும் கணமும் ஆங்கிலத்தில் செட்தான். ஆனால் அதில் உறுப்பே இல்லாத வெற்றுக் கணம்கூட உண்டு. ஓட்டலில் போய் வெற்றுச் செட்டுப் பூரி கேட்டுப் பாருங்கள்.

முதல் 'செட்' அடியோடு வராமல் போகவில்லை. கொத்தனார் வாய்வழியாக அது வந்தது. கான்கிரீட் செட் ஆவது என்றால் காய்வது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால்தான் தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் முதல் 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. இப்போது ஜாதகம் செட் ஆகிறது, ஊர் செட் ஆகவில்லை, மாப்பிள்ளைக்கு மீசை செட் ஆகவில்லை. இவற்றுக்கு யாரும் நிமிடக் கணக்கு வகுக்கவில்லை.

கல்யாண வீட்டில் ஏழு மணிக்கு நாயனக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தாளக்காரரும் ஒரு தவில்காரரும் கூட வந்தார்கள். இன்னொரு தவில்காரர் நீடாமங்கலத்தில் பஸ் மாறிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டுப் பெரியப்பா மறுபடி திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தெருவில் போன ஒருவர், "மேளம் வந்தாச்சா?" என்று கேட்டார்.

"ஆளுங்க வந்திருக்காங்க" என்றார் பெரியப்பா. "செட்டு இன்னும் வரல."