ஒளியிலும் ஒரு சுழி: 22 வயதில் கணக்குப் போட்ட பஞ்சரத்னம்

ஆயர் ஈத்தாம் பீங்கான் கடைகள் பக்கம் வண்டியை நிறுத்தும்போது, போலராய்டு கண்ணாடி வழியாக நீல வானத்தைப் பாருங்கள். கண்ணாடியை மெல்லச் சுழற்றினால் வானத்தின் ஒரு பகுதி கருத்து, மறுபடி வெளுக்கும். அங்கிருந்து வரும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வதுதான் காரணம்.

அந்தத் திசைகளைத் தலைமுடியாக நினைத்துக்கொள்ளுங்க. உச்சந்தலைச் சுழியில் முடி எந்தப் பக்கம் படிந்திருக்கு என்று சொல்ல முடியாது, இல்லையா? ஒளியிலும் அப்படித் திசையற்ற புள்ளிகள் உண்டு. சூரியனுக்குச் சற்று மேலே ஒன்றை 1840இல் பிரெஞ்சு விஞ்ஞானி பாபினே கண்டறிந்தார்.

ஆய்வகத்தில் உருவாக்குவது எப்படி?

லேசர் கற்றையை 'கியூ-பிளேட்' என்ற திரவப் படிகத் தகட்டின் வழியே அனுப்புகிறார்கள். தகட்டில் மூலக்கூறுகள் இடத்துக்கு இடம் திசை மாறி நிற்கும். அதற்கேற்ப அதிர்வுத் திசையும் மாறி, நடுவில் இருண்ட சுழியுடன் ஒளி வளையமாக வெளிவரும்.

சரி, இது எதுக்கு?

அதிர்வுத் திசை சக்கரத்தின் ஆரக்கால்கள் போல விரியும் கற்றையை மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். நுண்ணோக்கிக்கும் உலோகம் வெட்டவும் அது உதவும்.

யார் போட்ட கணக்கு?

இந்தத் தகட்டுக்கு அடிப்படையான கணக்கை 1956இல் பெங்களூருவில் எழுதியவர், சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்னம். அப்போது வயது 22. அதன் அருமையை பிரிட்டன் இயற்பியலாளர் மைக்கேல் பெரி 1987இல் உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதைக் கேட்க பஞ்சரத்னம் இல்லை, 1969இலேயே காலமாகிவிட்டார்.