கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

நுழையும்முன்

கடற்கரை ஊர்களில் வாழ்வோர்க்குக் கடல் அன்றாடக் காட்சி. தில்லி, போபால், நாகபுரி போன்ற உள்நாட்டு நகரங்களில் வளரும் பிள்ளைகளுக்கோ அது விடுமுறைப் பயணத்தில் மட்டும் கிட்டும் காட்சி. எனினும் கடல்மீன்களை அத்தகைய நகரத்து வீட்டிலும் வளர்க்க முடியும். அதற்கு மீனைப் பற்றி அறிவதைவிட, அது வாழும் நீரைப் பற்றி அறிவதே முதன்மையானது. அதனை விளக்குகிறது இப்பாடம்.

பெரிய கடலும் சிறிய தொட்டியும்

பெருங்கடலின் நீர் எளிதில் மாறுவதில்லை. ஒருநாள் வெயிலால் அது சூடேறிவிடாது. ஒரு மழையால் அதன் உப்பு குறைந்துவிடாது. பவளப்பாறைகளிடையே வாழும் மீன்கள் இத்தகைய நிலையான நீருக்குப் பழகியவை. வீட்டுத் தொட்டியின் நீரோ சில மணி நேரத்திலேயே மாறக்கூடியது. தொட்டி எவ்வளவு சிறியதோ, அவ்வளவு விரைவாக இம்மாற்றம் நிகழும். ஆகையால், சிறிய தொட்டியைப் பேணுவது எளிது என எண்ணுவது தவறு. கண்ணாடிக் கிண்ணத்தில் கடல்மீனை வளர்த்தல் ஆகாது. புதிதாகத் தொடங்குவோர்க்கு ஏறத்தாழ 100 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி ஏற்றது. அதன் நீர் மட்டுமே 100 கிலோகிராமுக்கு மேல் எடை இருக்கும். எனவே ஆட்டம் இல்லாத உறுதியான மேசை வேண்டும். சாளரத்தின் வழியே நேர்வெயில் படும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். வெயில் பட்டால் நீர் சூடேறும், பாசியும் படரும்.

உப்பைக் கரைத்தல்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடே மிகுதி. எனினும் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட்டு முதலியனவும் அந்நீரில் உண்டு. ஆதலால் சமையல் உப்பைக் கரைத்தால் அது கடல்நீர் ஆகாது. மீன்தொட்டிக்கென ஆயத்தம் செய்யப்பட்ட கடலுப்புக் கலவை கடைகளில் கிடைக்கிறது. அதனைக் குளோரின் நீக்கிய தூயநீரில் வாளியில் தனியே கரைத்து, முழுவதும் கரைந்து தெளிந்த பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. நீர் கிடைத்தால் இன்னும் நன்று. உப்பின் அளவை நீர்மமானியால் அறியலாம். நீரின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.026 வரை இருத்தல் நலம்.

தொடக்கநிலையினர் தவறும் இடம் ஒன்று உண்டு. தொட்டிநீர் நாள்தோறும் சிறிது ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உப்பளத்தில் உப்பு விளைவதும் இம்முறையிலேதான். எனவே குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றினால், உப்பின் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும். தொட்டியின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்தைக் காட்ட ஒரு கோடு இட்டு வைத்தால், எவ்வளவு குறைந்தது என்பது நாள்தோறும் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத காவலர்

மீனின் செவுள்கள் வழியே அம்மோனியா வெளியேறுகிறது. உண்ணாமல் விடப்பட்ட உணவு அழுகும்போதும் அது உண்டாகிறது. பரந்த கடலில் அது கரைந்து போய்விடும். தொட்டியிலோ சேர்ந்து நஞ்சாகும். இந்நஞ்சைப் போக்குபவை பாக்டீரியாக்கள். ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் தீங்கானதே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டு சிறிதளவு இருந்தால் மீனுக்குத் தீங்கில்லை. நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றி அதன் அளவைக் குறைத்துவிடலாம்.

இப்பாக்டீரியாக்கள் துளைகள் நிறைந்த கற்களிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் இருத்தல் கூடாது. மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு இட்டால், அது அழுகி அம்மோனியாவை உண்டாக்கும்; அதுவே பாக்டீரியாக்களுக்கு உணவாகும். நீரைச் சோதிக்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறி, பின்னர்ச் சுழியத்திற்கு இறங்கும், நைட்ரேட்டு தென்படும். அதுவே தொட்டி ஆயத்தமானதற்கு அடையாளம். வெறும் கல்லையும் நீரையும் ஒரு மாதத்திற்குமேல் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்குக் கடினமே. ஆயினும் அப்பொறுமை இன்றி முதல் வாரத்திலேயே விடப்படும் மீன், தன் கழிவாலேயே மடிய நேரிடும்.

வெயிலும் மின்தடையும்

வெப்பமண்டலக் கடல்மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை ஏற்றது. வட இந்திய நகரங்களில் குளிர்காலத்தில் வெப்பமூட்டி இன்றியமையாதது. கோடையிலோ நீரைக் குளிர்விக்க வேண்டியிருக்கும். நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியின் காற்று படுமாறு செய்தால், நீர் ஆவியாகி வெப்பம் தணியும். மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. ஆனால் அப்போது நீர் விரைந்து குறையும். நன்னீர் ஊற்றும் வேலையும் கூடும்.

25 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல்நீரில் 7 மில்லிகிராமுக்கும் குறைவாகவே கரையும். நீர் சூடேறினால் அது இன்னும் குறையும். ஆகவே நீரோட்டத்தை உண்டாக்கும் மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்தடை நேரும் ஊர்களில், மின்கலத்தால் இயங்கிக் காற்றுக்குமிழி விடும் சிறு மோட்டார் ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். எனவே தொட்டிக்குள் கைவிடும் முன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருத்தல் நலம்.

யாரைக் குடியமர்த்துவது?

100 லிட்டர் தொட்டிக்கு இரண்டு கோமாளி மீன்கள் போதும். ஆரஞ்சு நிற உடலும் வெண்பட்டைகளும் கொண்ட இம்மீன்கள், கடலில் கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளிடையே வாழ்கின்றன. தொட்டியில் அது இல்லாமலும் வாழும். இவை முதலில் ஆணாகவே வளர்கின்றன. இணையில் பெரியது பின்னர்ப் பெண்ணாக மாறும். முட்டைகளைக் காத்து நிற்பது ஆண்மீனே.

தமிழ்நாட்டின் மண்டபத்திலும் கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையங்கள் உள்ளன. கோமாளி மீன்களை முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்க்கும் முறையை அவை உருவாக்கியுள்ளன. இவ்வாறு வளர்ப்பிடத்தில் பிறந்த மீன்கள் தொட்டிவாழ்வுக்கும் உலர் உணவுக்கும் பழகியவை. இவற்றை வாங்குவதால் கடலிலிருந்து ஒரு மீனும் குறைவதில்லை.

பவள உயிர்களும் கடற்குதிரைகளும் அவ்வாறல்ல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்கிறது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986ஆம் ஆண்டு அமைக்கப்பட்டதும் இத்தகைய உயிர்களைக் காப்பதற்கே. எனவே யாரேனும் விற்க முன்வந்தாலும் பவளக் கற்களை வாங்குதல் கூடாது. மீன்தொட்டிக்கெனச் செய்யப்படும் துளையுள்ள செயற்கைக் கற்களே போதும்.

தவறாத கடமைகள்

நாள்தோறும்: வெப்பமானியைப் பார்த்தல், கோடு வரை நன்னீர் ஊற்றுதல், மீன்கள் இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுதல், அவற்றின் நடமாட்டத்தைக் கவனித்தல்.

வாரந்தோறும்: 10 லிட்டர் நீரை வெளியேற்றி, அதே உப்பளவும் வெப்பமும் உள்ள புதிய உப்புநீரை ஊற்றுதல், கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைத்தல், நீரைச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுதல்.

மாதந்தோறும்: வடிகட்டிப் பஞ்சை, வெளியேற்றிய தொட்டிநீரிலேயே அலசுதல். குழாய்நீரில் அலசினால், அதிலுள்ள குளோரின் பாக்டீரியாக்களை அழித்துவிடும்.

ஊர் மாறும்போது

கோமாளி மீன் தொட்டியில் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆறாம் வகுப்பில் வாங்கிய மீன், பள்ளிப்படிப்பு முடிந்த பின்னும் உயிரோடு இருக்கலாம். அதற்கிடையே பெற்றோர்க்குப் பணியிட மாறுதல் வரலாம். அப்போது மீனை என்ன செய்வது என்னும் வினாவை, அதனை வாங்கும் முன்பே வீட்டார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புதிய ஊர் அருகில் இருப்பின், மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய பங்கு காற்றும் அடைத்த பையில் மீனைக் கொண்டு செல்லலாம். கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் தொட்டிநீரில் நனைந்தபடியே எடுத்துச் செல்ல வேண்டும். அவை உலர்ந்தால் பாக்டீரியாக்கள் மடியும். பல வாரக் காத்திருப்பு மீண்டும் தொடங்கும். இரண்டு நாள் இரயில் பயணம் என்றால், கடல்மீன் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் தொட்டியோடு ஒப்படைத்தலே முறை. ஏரியிலோ ஆற்றிலோ விட்டால் மீன் நன்னீரில் மடியும். கடலிலும் விடலாகாது, தொட்டியில் தோன்றிய நோய் அங்குள்ள உயிர்களுக்குப் பரவக்கூடும்.

இத்தனை பொறுப்பையும் ஏற்க இயலும் என்றால் மட்டுமே தொட்டியைத் தொடங்க வேண்டும். இயலாது எனத் தோன்றினால், மீனை வாங்காதிருப்பதும் அதன்மீது கொண்ட அன்பே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

ஆழி, பரவை, புணரி, முந்நீர் ஆகியன கடலைக் குறிக்கும் தமிழ்ச்சொற்கள். ஐவகை நிலங்களுள் கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் எனப்படும்.

சொற்பொருள்

சாளரம் – ஜன்னல்
செவுள் – மீன் மூச்சுவிடும் உறுப்பு
சுழியம் – பூச்சியம்
ஒப்படர்த்தி – தூயநீரோடு ஒப்பிட்டுக் கூறும் அடர்த்தி
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. சிறிய தொட்டியைப் பேணுவது ஏன் கடினம்?
2. ஆவியான நீருக்கு ஈடாக உப்புநீரை ஏன் ஊற்றக் கூடாது?
3. 100 லிட்டர் நீரில் 3,500 கிராம் உப்பு உள்ளது. அதில் 10 லிட்டர் நீர் ஆவியானால், ஒரு லிட்டரில் எத்தனை கிராம் உப்பு இருக்கும்?
4. பிரித்து எழுதுக: நன்னீர், முந்நீர், கடலுப்பு.
5. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஐந்து கடல்மீன்களின் தமிழ்ப் பெயர்களை எழுதுக.