ரசீது எந்தப் பொறியில் வரும்?

கூட்டுறவுச் சங்கத்தில் பணம் செலுத்தும் அங்கத்தினர், ரசீதைக் கையில் பெற்றுக்கொண்ட பின்னரே படியிறங்க வேண்டும். இது நமது இயக்கத்தின் பழைய வழக்கம். பேரேடுகள் கணினிக்கு மாறிய பிறகும் அவ்வழக்கம் மாறவில்லை. ஆனால் அந்த ரசீது எந்த அறையில் அச்சாகிறது என்பதில் ஒரு புதுக் குழப்பம் புகுந்துவிட்டது. செஞ்சி வட்டாரத்தில் நாம் பார்வையிடும் சங்கங்கள் சிலவற்றில் இதனைக் கண்டோம். செலவின்றி அதனைப் போக்கும் வழி ஒன்றுண்டு. அதனை ஈண்டு விளக்குவோம்.

சங்க அலுவலகத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று அச்சுப்பொறிகள் இருக்கும். மை நாடாவின் மீது ஊசிகளை அடித்து அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பொறி ஒன்று. கார்பன் தாள் வைத்து மூலத்தையும் நகலையும் ஒரே அடியில் எடுப்பதற்கு அதுவே ஏற்றது. லேசர் பொறி மைப்பொடியைத் தாளில் படியவைத்துச் சூட்டினால் ஒட்டுவது. அதில் கார்பன் நகல் விழாது. ஆகவே ரசீது, நெசவாளருக்கான நூல் வழங்கல் சீட்டு, கூலிச் சீட்டு ஆகியவை முன்னதற்கும், மாத அறிக்கைகள் பின்னதற்கும் உரியவை. பாஸ் புத்தகம் பதியும் பொறி சில இடங்களில் தனியே உண்டு. (வெப்பத்தாளில் அச்சிடும் சிறு பொறிகளையும் சிலர் வாங்குகின்றனர். அந்த ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். கடன் கணக்கிற்கு அதனை நாம் ஒப்புவதில்லை.) இவை யாவும் ஒரே வலையமைப்பில் இணைந்திருப்பதால் எந்தக் கணினியிலிருந்தும் எந்தப் பொறிக்கும் அனுப்பலாம். வசதிதான், வம்பும் அங்கேதான் பிறக்கிறது.

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளில் பரந்து கிடப்பதை நம் அங்கத்தினர் அறிவர். ஓலை கொண்டுசெல்லும் ஆளிடம் எந்தக் குன்றுக்கு என்று சொல்லாமல் அனுப்பினால், அவன் வழக்கமாகப் போகும் குன்றுக்கே போய்ச் சேர்வான். கணினியும் அத்தகையதே. பொறியின் பெயரைக் கூறாவிடின், 'டீஃபால்ட்' என்று குறித்து வைத்த பொறிக்கே தாளை அனுப்பும். பழைய கணக்கு மென்பொருள்களிற் பல, எந்தப் பொறி என்று கேட்பதேயில்லை. காலையில் அறிக்கை எடுப்பதற்காக லேசர் பொறியைக் குறித்த எழுத்தர், மாற்ற மறந்து ரசீது போட்டால், அது பின்னறையில் வெள்ளைத் தாளில் வந்து விழும்.

இதனால் விளையும் கேடு தாள் வீணாவதோடு நிற்பதில்லை. நகைக்கடன் வட்டி கட்ட வந்தவர் சாளரத்தில் நிற்கிறார்; ரசீது வரவில்லை. எழுத்தர் மறுபடி அச்சிடுகிறார், அதுவும் வரவில்லை. பிறகு பொறியை மாற்றி மூன்றாம் முறை அச்சிட்டுக் கொடுக்கிறார். முதலிரண்டும் எங்கே? பின்னறைப் பொறி அணைந்திருந்தால் அவை வரிசையில் காத்திருக்கும். மறுநாள் பொறியை இயக்கியதும் வெளிவரும். ஒரே எண்ணுள்ள மூன்று ரசீதுகள்! இரண்டு யார் கையிலும் அகப்படலாம். பணம் ஒரு முறையே வந்தது என்பதைத் தணிக்கையின்போது மெய்ப்பிக்க வேண்டிய பாரம் சங்கத்தின் தலையில் விழும். அங்கத்தினரின் கடன் விவரம் வேற்றறையில் கேட்பாரற்றுக் கிடப்பதும் முறையன்று.

விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஆகிய பழைய கணினிகளில் குறித்த பொறி பெரும்பாலும் குறித்தபடியே நிற்கும். மாற்ற வேண்டுமாயின் பல சாளரங்களைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் 2015-இன் இறுதியில் வேறொரு ஏற்பாடு வந்தது. கடைசியாக உபயோகித்த பொறியைக் கணினி தானே இயல்புப் பொறியாக்கிக் கொள்ளும். ஒரு பொறி மட்டும் உள்ள வீட்டிற்கு இதனால் தீங்கில்லை, சங்கத்திற்கு ஆகாது. அமைப்புகளில் அதனை முதலில் அணைத்துவிட வேண்டும்.

இனி அந்தச் சிறு கருவி. விண்டோஸுக்குள்ளேயே இயல்புப் பொறியை மாற்றும் ஒரு வரிக் கட்டளை உண்டு. 'பிரிண்ட்யூஐ' என்னும் உறுப்பு அதனைச் செய்கிறது. நோட்பேடில் அந்த வரியைப் பொறியின் பெயருடன் எழுதி, 'பேட்ச்' கோப்பாகச் சேமித்து, திரையின் முகப்பில் வைத்துவிடலாம். பொறிக்கு ஒரு கோப்பு. எழுத்தர் அதனை இருமுறை சொடுக்கினால் மாற்றம் முடிந்தது. கணினி பழகிய ஒருவருக்கு அரைமணி நேர வேலையே. இதே காரியத்தைச் செய்யும் இலவச மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆயினும் அங்கத்தினர் கணக்கு இருக்கும் கணினியில் ஊர் பேர் அறியாதவற்றை இறக்குவதை நாம் விரும்பவில்லை. எக்ஸ்பிக்கு 2014-லும், விண்டோஸ் 7-க்கு 2020-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்பதை நினைவிற் கொள்க.

சில நுணுக்கங்கள் உள. இயல்புப் பொறி என்பது கணினிக்கன்று, அதில் நுழையும் பயனருக்கு உரியது. எழுத்தர் இருவர் தனித்தனிப் பெயரில் நுழைந்தால் இருவருக்கும் இதனை அமைத்துத் தர வேண்டும். பழைய மென்பொருள்கள் சில, திறக்கும்போது மட்டுமே பொறியைப் பார்த்துக்கொள்ளும்; அவற்றை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும். மின்வெட்டுக்குப் பின் வலையமைப்பில் பொறியின் முகவரி மாறி, சரியான பொறியைக் குறித்தும் அச்சு வராமற்போவதுண்டு. அம்முகவரியை நிலையாக அமைத்துவிடுமாறு பழுது பார்ப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கோப்புகளுக்குப் பெயரிடுவதில் கருத்து வேண்டும். கம்பெனிப் பெயரும் எண்ணும் புதிய எழுத்தருக்கு விளங்கா. 'முன்னறை ரசீது', 'பின்னறை அறிக்கை', 'பாஸ் புத்தகம்' என்று வேலையின் பெயரையே வைத்து, அதே பெயரைத் தாளில் எழுதிப் பொறியின் மேலும் ஒட்டிவிட வேண்டும். ரசீது வரவில்லையெனில், மறுபடி அச்சிடுமுன் வரிசையைத் திறந்து, காத்திருப்பதை நீக்க வேண்டும். அதன் பின்னரும் இரண்டாவது அச்சிட நேர்ந்தால், அதில் 'மறுபிரதி' என்று எழுதிக் கையொப்பமிட்டே தர வேண்டும். சாளரத்தில் நிற்கும் அங்கத்தினரும் அதனைக் கேட்டுப் பெறலாம்; அவருக்கு அந்த உரிமை உண்டு.