தமனி–சிரை இணைப்பும் அறுவை மருத்துவமும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட தனுவச்சபுரம் போன்ற ஊர்களில் பால்வெட்டுத் தொழிலாளரும் தென்னை ஏறுவோரும் கூரிய கத்தியோடு உழைப்பவர்கள். வெட்டு ஆழமாக விழுந்தால், அருகருகே செல்லும் தமனியும் சிரையும் ஒருங்கே துளைபட்டு இணைந்துவிடக்கூடும். மேலே தோல் ஆறிவிடும். உள்ளே தமனி இரத்தம் திசுக்களை அடையாமல் நேரே சிரைக்குள் பாயும். 1757இல் வில்லியம் ஹன்டர் இந்நிலையை விவரித்தபோது, முழங்கை மடிப்பில் இரத்தம் இறக்கும் சிகிச்சையே அதற்குக் காரணமாயிருந்தது!

தழும்பின்மேல் கைவைத்தால் அதிர்வு தெரியும். ஸ்டெதாஸ்கோப்பில் இடைவிடாத இரைச்சல் கேட்கும். பெரிய இணைப்பாயின், அதை அழுத்தியதும் நாடித்துடிப்பு குறையும். 1890இல் பிரான்ஹாம் குறிப்பிட்ட அடையாளம் இது. கவனியாது விட்டால் சிரைகள் புடைக்கும். நாளடைவில் இருதயம் பெருத்துத் தளரும்.

மேற்பக்கத் தமனியை மட்டும் கட்டிவிடுவது எளிது, ஆனால் ஆபத்தானது. கீழ்ப்பகுதி இரத்தமும் பின்னோக்கிச் சிரைக்குள் வடிந்து, உறுப்பு அழுக நேரிடும். எனவே இணைப்பின் இருபுறமும் தமனி, சிரை இரண்டையும் கட்டுப்படுத்திய பின்னரே மருத்துவர் அதைப் பிரித்துத் துளைகளைத் தைக்கிறார். தமனி பெரிதும் சிதைந்திருந்தால், காலிலிருந்து எடுத்த சிரைத்துண்டைப் பொருத்துகிறார். சிறு தமனியாயின் நான்கு முனைகளையும் கட்டினாலே போதும். சில இடங்களில் இன்று உறையிட்ட ஸ்டென்டை உட்செலுத்தியே துளையை அடைக்கின்றனர்.

இவ்வூராருக்கு அறுவை வசதி திருவனந்தபுரத்தில் உண்டு. தையல் பிரித்த சில வாரங்களில் தழும்பைச் செவிமடுத்துப் பார்க்கும் வேலை உள்ளூர் மருத்துவருடையது.